மாஸ்டர் ஆனதும் வந்து பேசுறேன்

ஏறியவனை எல்லாம் ஒரே நாளில் கீழே தள்ளுவதற்கென்று நாள் குறித்து வைத்திருக்கிற விளையாட்டு அது. இரண்டு மாதம் கண் எரிய எரியச் சுட்டு, செத்து, மறுபடி எழுந்து சுட்டு, பிரோன்ஸ், சில்வர், கோல்ட், பிளாட்டினம், டயமண்ட் என்று ஒருவன் படிப்படியாக ஏறியிருப்பான். சீசன் முடிகிற அன்று எங்கேயோ உட்கார்ந்திருக்கிற கம்பெனிக்காரன் ஒரு தட்டுத் தட்டுவான். அவ்வளவுதான். டயமண்டில் நின்றவன், அதற்கு மேலே நின்றவன் எல்லாரும் கோல்டில் கிடப்பார்கள். கோல்டில் நின்றவன் சில்வரில் கிடப்பான். விளையாடாமல் விட்டவனுக்கு இன்னும் மோசம், ஒவ்வொரு சீசனுக்கும் அவன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டே போவான். ஏன் தள்ளினாய் என்று கேட்க நாதி கிடையாது. புது சீசன் பிறந்துவிட்டது, வாழ்த்துகள், மறுபடி ஏறு என்று திரையில் பட்டாசு வெடிக்கும். இந்த அநியாயத்தை உலகம் முழுக்க டேட்டா போட்டு விளையாடுகிறார்கள். கந்தப்பளைக்கு மேலே கில்பர்ன் தேயிலைத் தோட்டத்திலும் விளையாடினார்கள்.

ஒரே ஒரு சலுகை உண்டு. டயமண்டுக்கு மேலே மாஸ்டர் என்று ஒரு படி இருக்கிறது. அதை ஒரு தடவை தொட்டவன் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கிரீடம் விழும். அதற்குப் பிறகு ரேங்கை எத்தனை தடவை தள்ளினாலும் கிரீடத்தைப் பிடுங்க மாட்டார்கள். மிலானுக்கு அந்தக் கிரீடத்தின் மேல் அப்படி ஒரு வெறி. இந்த சீசனில் அதற்கு ஒரே ஒரு ஸ்டார்தான், அதாவது ஒரே ஒரு வெற்றிதான், குறைவாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சீசன் முடியப் போகிறது, மிலானோ போன கிழமை இறங்கிய மண்ணுக்குள் கிடக்கிறான்.

சனிக்கிழமை காலையில் அவனுடைய கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு, மேற்கணக்குப் பள்ளிக்கூடத்தின் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள் பிரேமினி. தோட்டத்தின் மேல் பிரிவு மேற்கணக்கு, பள்ளத்தில் இருப்பது கீழ்க்கணக்கு. தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ்க்கணக்கு லயத்தை மலை மூடியதிலிருந்து மிச்சப்பட்டவர்கள் எல்லாரும் இந்தப் பள்ளிக்கூடத்தில்தான் பாயை விரித்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த தங்கள் லயத்தில் வெடிப்பு விழுந்ததால் பிரேமினி வீட்டுக்காரர்களும் அங்கேதான். தொட்டிப் பக்கம் சிக்னல் கூடுதலாக இரண்டு கோடு நிற்கும்.

பிரேமினி தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்கிறவள். கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகிற கைக்குழந்தைகளுக்குப் பால் கரைத்துக் கொடுத்து, தொட்டில் ஆட்டி, மூக்குத் துடைத்து விடுகிற வேலை. அவள் அப்பா கணேசமூர்த்தி தோட்டத் தலைவர். சங்கத்துக்கும் அவர்தான், மாரியம்மன் திருவிழாவுக்கும் அவர்தான், யார் வீட்டில் சண்டை என்றாலும் விலக்கப் போவதும் அவர்தான். அப்படிப்பட்டவர் மகள் சிலுவை போட்ட ஒரு வேதக்காரப் பையனோடு பழகுகிறாள் என்றால் தோட்டம் சும்மா இருக்குமா? அதனால் தோட்டத்துக்குத் தெரியாமல்தான் பழகினாள்.

மிலான் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை. பகலில் போனைத் தொட்டால் முதலாளி கத்துவார். போன் கோல் எடுத்தால் பிரேமினியின் அம்மா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள், மெசேஜ் அடித்தால் தங்கச்சி எட்டிப் பார்ப்பாள். ஆனால் கேம் விளையாடுகிற பொம்பளைப் பிள்ளையை யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்ட். மத்தியானம் பிள்ளைகள் தூங்குகிற நேரம் அவள் ஏறுவாள், கடை சாத்திய பிறகு அவன் ஏறுவான். ரேங்க் ஒன்று, ஏறினவர்கள் இரண்டு பேர். கூட விளையாடுகிற பையன்கள் "மிலான் பகல்லதான்டா பேய் மாதிரி சுடுறான்" என்பார்கள். அந்தப் பேய் தான்தான் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல அவளுக்குப் பல தடவை இருந்திருக்கிறது.

திரையில் நிற்கிற பொம்மை ஆளுக்கு உடுப்பு மாற்றுவதுதான் அவர்களுடைய கடிதம். சிவப்புத் தொப்பி என்றால் கோபம். தலையில் ஒன்றும் இல்லை என்றால் காய்ச்சல், மழை, கடையில் ஏச்சு, ஏதோ ஒன்று சரியில்லை. மஞ்சள் மழைக்கோட்டு என்றால் ஊருக்கு வருகிறேன். கடைசியாக அவன் போட்டுவிட்டது மஞ்சள் மழைக்கோட்டு. சொன்னபடி வந்தான்.

"இந்த சீசன் மாஸ்டர் ஆனதும் ஒங்கப்பாகிட்ட வந்து பேசுறேன்" என்பது அவன் வாக்கு. ஒவ்வொரு சீசனுக்கும் அதே வாக்குத்தான். ஒவ்வொரு தடவையும் டயமண்ட் வரை வந்து நிற்பான், நாள் முடிந்துவிடும், ரேங்க் விழும், பேச்சு அடுத்த சீசனுக்குத் தள்ளிப்போகும்.

"ரேங்க் விழுறப்பல்லாம் ஒன் தைரியமும் சேந்து விழுந்துருது" என்று அவள் ஒரு தடவை குத்திக் காட்டினாள்.

"எழவு புடிச்ச கேம்டி இது. பெரட்டுக் களத்துக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? நேத்து எவ்வளவு கொழுந்து எடுத்தேன்னு எவன் பாக்குறான்? காலையில மறுபடி முதல்ல இருந்து எடு" என்று அவன் சிரித்தான். விடிந்ததும் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற அந்தப் பெரட்டு வேண்டாம் என்றுதான் அவன் கொழும்புக்கே ஓடினான். ஓடினவன் பகல் முழுக்க இரும்பு தூக்கிவிட்டு ராத்திரி இந்தப் பெரட்டுக்கு ஒழுங்காக ஆஜரானான், என்னத்தைச் சொல்ல!

மழை விடாமல் அடித்த அந்த விடியக்கருக்கலில் லயத்துக்குப் பின்னால் மண் சரசரத்தது. மிலான் அப்பா மரியநாயகத்தையும் அம்மா மார்கிரட்டையும் தங்கச்சி ஏஞ்சலாவையும் வெளியே இழுத்துக்கொண்டு வந்து ரோட்டில் விட்டான். கடைசிக் காம்பராவில் கால் முறிந்து கிடந்த வேலாயியைத் தூக்கி வருகிறேன் என்று போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு திரும்பப் போனான். அந்த வெளிச்சம் லயத்தின் ஓரமாகப் போனதைத்தான் மார்கிரட் கடைசியாகப் பார்த்தாள். வேலாயியின் உடம்பு அடுத்த நாளே கிடைத்தது. மிலான் கிடைக்கவில்லை. ஆமிக்காரர்கள் மிஷின் வைத்துத் தோண்டினார்கள், நாய் கொண்டுவந்தார்கள், பிறகு மலை இன்னும் அசைகிறது என்று சொல்லிச் சிவப்பு நாடா கட்டிவிட்டு நிறுத்திவிட்டார்கள்.

எல்லாரும் மார்கிரட்டைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஏஞ்சலாவை மடியில் போட்டு அழுதார்கள். பிரேமினியை யார் கட்டிப்பிடிப்பார்கள்? பக்கத்து லயத்துப் பெண் எவ்வளவு அழலாமோ அவ்வளவுதான் அவள் அழ முடிந்தது. அதற்கு மேல் வந்ததை எல்லாம் அடக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு ரொட்டி பங்கிட்டுக் கொடுத்தாள். சனிக்கிழமை காலையில்தான் அவளுக்கு அந்த ஒரு ஸ்டார் ஞாபகம் வந்தது. நாளைக்கு அவனை மறுபடியும் கோல்டில் தள்ளிவிடுவார்கள், கிரீடம்கூட இல்லாமல். அவனுக்குச் செய்ய அவளுக்கென்று உலகத்தில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். அதையாவது செய்துவிட வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள்.

முதல் ஆட்டத்திலேயே தோற்றாள். ஒரு ஸ்டார் இறங்கிவிட்டது. "பாவி, நீயும் கூட இல்ல" என்று திரையைப் பார்த்தே ஏசினாள். மஞ்சள் கோட்டுப் பொம்மை துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நின்றது. மறுபடி இறங்கினாள். சுவரோரமாக ஒளிந்து ஒளிந்து விளையாடினாள், அவன் கோழை ஆட்டம் என்று கேலி செய்கிற ஆட்டம். ஜெயித்தாள். இன்னும் ஒன்று. மழைத் தூறல் திரையில் விழ விழத் துடைத்துக்கொண்டே விளையாடினாள். கடைசி ஆள் ஒரு ஜன்னலில் தலையை நீட்டினான், சுட்டாள், விழுந்தான்.

திரை முழுக்கப் பொன் நிறமாக மினுங்கிக் கிரீடம் வந்து அவன் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. ஏதோ சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தாள் போலிருக்கிறது. ஒன்றும் வரவில்லை. "ஆயிட்டல்ல? வந்து பேசு. வா, வந்து எங்கப்பாகிட்டப் பேசு" என்று வாய்விட்டுச் சொல்லி, தொட்டிச் சுவரில் நெற்றியை வைத்து அழுதாள். எத்தனையோ நாளாக அடக்கி வைத்த அழுகை அது.

அப்போதுதான் திரையின் மூலையில் ஒரு மெசேஜ் குதித்தது. அண்ணா. அடுத்தது. அண்ணா எங்க இருக்க. அடுத்தது. அண்ணா அம்மா அழுவுது கதை அண்ணா.

பிரேமினி திரையைக் கிட்டே பிடித்துப் பெயரைப் பார்த்தாள். ஏஞ்சலா! தொல்லை தாங்காமல் மிலான் தங்கச்சிக்கும் ஒரு கணக்குத் திறந்து கொடுத்திருந்தது அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுப் போன் எல்லாம் மண்ணோடு போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தாள். மரியநாயகத்தின் போன் அவர் சட்டைப் பையில் கிடந்து தப்பியதை அவள் யோசிக்கவே இல்லை. இப்போது அந்தப் போனில், மிலானின் பெயருக்குப் பக்கத்தில், ஆள் உள்ளே இருக்கிறான் என்பதற்கான பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கும். பதறிப்போய் கேமை மூடினாள். போனையே அணைத்தாள்.

அதுதான் பெரிய பிசகாகப் போய்விட்டது.

பள்ளிக்கூட மண்டபத்துக்குள் அவள் வந்தபோது ஏஞ்சலா மேசைமேல் ஏறி நின்று அலறிக்கொண்டிருந்தாள். பதினாலு வயதுப் பிள்ளை, தொண்டை கிழிய அலறுகிறாள். "அண்ணன் இருக்கான்! ஆன்லைன்ல இருக்கான்! மஞ்ச கோட்டுப் போட்டுக்கிட்டு நிக்கிறான், நான் கண்ணால பாத்தேன்! மெசேஜ் போட்டதும் லைட் அணைஞ்சிருச்சு!"

கூட்டம் மொய்த்துவிட்டது. ஆளுக்கொரு பேச்சு. சார்ஜ் எப்படி நிற்கும் என்று ஒருவர் கேட்டார். அதற்கு மரியநாயகமே பதில் சொன்னார். "கொழும்புல இருந்து பவர் பேங்க் ஒன்னு கொண்டாந்தான், செங்கல்லு மாதிரி. ஒரு கிழமைக்குக் காணும்னு சொன்னான். எந்நேரமும் இடுப்புப் பையிலதான் வச்சிருப்பான்."

"அப்ப ஏன் கோல் எடுக்கல?"

"ரீலோட் காசு முடிஞ்சிருக்கும். கேம் பேக்கேஜ் தனியாப் போட்டிருப்பான், அதுல கேம் மட்டுந்தான் வேல செய்யும். அதான் புள்ள கேமத் தொறந்து காட்டுது, நான் இருக்கேன்னு!"

சொன்னது யார் என்று தெரியவில்லை. ஆனால் அங்கே இருந்த எல்லாருக்கும் அது சட்டென்று பிடித்துவிட்டது. அவர்கள் எல்லாருமே அப்படித்தானே, கோலுக்குக் காசு இல்லாமல் பேக்கேஜில் மட்டும் உயிரை வைத்துக்கொண்டிருப்பார்கள். மண்ணுக்குள் சிக்னல் எப்படி வரும், கேமுக்குள் வந்தவன் மெசேஜுக்குப் பதில் ஏன் போடவில்லை என்று கேட்கக் கூடியவர்கள் இருந்தார்கள். கேட்கவில்லை. மார்கிரட்டின் முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்குக் கேட்க மனசு வரும்?

மார்கிரட் எழுந்து நின்றிருந்தாள். மண் இறங்கிய நாளிலிருந்து பாயை விட்டு எழாதவள், தேத்தண்ணிகூடத் தொடாதவள். "எனக்குக் கொஞ்சம் சோறு குடுங்க. எம்புள்ள வந்தா நான் நிக்கணும்ல" என்றாள்.

கணேசமூர்த்தி வேட்டியை மடித்துக் கட்டினார். "லைட் அணைஞ்சிருச்சுன்னா சார்ஜ் முடியுதுன்னு அர்த்தம். இனி ஒக்காந்து பேச நேரம் இல்ல. மம்பட்டி எடுங்கடா." கிராம சேவகர் ஜீ.எஸ். ஓடிவந்து தடுத்தார். மேலிடத்துக்குச் சொல்லி மிஷினை எடுப்பிக்கிறேன் என்றார். "நீங்க சொல்லி, அவங்க வந்து, அதுக்குள்ள பையன் செத்துப் போவான் சேர்" என்று தலைவர் ஒரே பேச்சில் அவர் வாயை அடைத்துவிட்டார். ஆம்பிளைகள் அத்தனை பேரும் தேயிலைக்குள்ளால் குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். முன்னால் மரியநாயகம், அவருக்குப் பக்கத்தில் பிரேமினியின் அப்பா.

அப்போதே சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. அது நான்தான், அவன் இல்லை. அதைச் சொன்னால் பாஸ்வேர்ட் உனக்கு எப்படித் தெரியும் என்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும், அத்தனை சனத்துக்கும் முன்னால், அப்பா மானம் கப்பலேற. அது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் மார்கிரட்டைப் பார்த்து வந்தது. மார்கிரட் பீங்கானை மடியில் வைத்துக்கொண்டு சோறும் பருப்பும் சேர்த்து வேகம் வேகமாக அள்ளி வாயில் போட்டாள். கண்ணில் தண்ணீர் வழிகிறது, வாய் மெல்லுகிறது.

"பிரேமினி, இங்க வாம்மா" என்று கூப்பிட்டாள். "நீயும் அவனும் ஒன்னாப் படிச்சவங்கதானே. மொகமெல்லாம் ஏன் இப்புடி வீங்கிக் கெடக்கு? அதான் இருக்கான்னு தெரிஞ்சிருச்சே. இந்தா, ஒரு வாய் வாங்கிக்க."

கையில் உருட்டிய சோற்றை நீட்டினாள். பிரேமினி வாயைத் திறந்தாள். அத்தை, ஒன்று சொல்லணும் என்று ஆரம்பிக்கத்தான் திறந்தாள். சோறு உள்ளே போய்விட்டது. விழுங்கினாள். அந்த ஒரு வாய்ச் சோறு அவளுக்குச் செரித்ததா என்று கேட்காதீர்கள்.

மழை வலுத்தது. கூரைத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் ஏஞ்சலா பேசுவதுகூடக் கேட்கவில்லை. அவள் போனைச் சார்ஜில் மாட்டிவிட்டு, பச்சை விளக்கு மறுபடி வருகிறதா என்று கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிரேமினி ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்த்தாள். சிவப்பு நாடாவுக்கு உள்ளே சின்னச் சின்னதாக ஆட்கள் தெரிந்தார்கள். அவர்கள் தலைக்கு மேலே பாதி அறுந்த மலை நின்றது. அப்பா எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அவ்வளவுதான், அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

நாடா கட்டிய இடத்தில் ஒரு ஆமிக்காரப் பையன் குடையில்லாமல் நனைந்துகொண்டு நின்றான். ஆட்களை ஏற்கெனவே தடுத்துத் தோற்றுப்போன முகம். "நங்கி, எப்பா! யன்ன எப்பா!" என்று கையை விரித்து, போகாதே தங்கச்சி என்று சிங்களத்தில் கத்தினான். அவன் கைக்குக் கீழே குனிந்து புகுந்து போய்விட்டாள். முழங்கால் மட்டும் சேறு. ஒரு கதவுப் பலகை, யாரோ வீட்டுச் சாமிப் படம், பிய்ந்த மெத்தை எல்லாம் கலந்து கிடந்த மண்ணில் தட்டுத் தடுமாறி ஏறினாள்.

"அப்பா! மேல வாங்க! எல்லாரும் மேல வாங்க!"

கணேசமூர்த்தி நிமிர்ந்தார். "ஒனக்கு இங்க என்ன வேல? போடி மேல!"

"மிலான் இல்லப்பா. கேம்ல வந்தது மிலான் இல்ல."

மம்பட்டிகள் ஒவ்வொன்றாக நின்றன. மரியநாயகம் மட்டும் நிறுத்தவில்லை. கடைசிக் காம்பரா இருந்த இடம் என்று அவரே குறித்துக்கொண்ட இடத்தில் வெட்டிக்கொண்டே இருந்தார்.

"அது நான்தான். நான்தான் அவன் கணக்கத் தொறந்து விளையாடினேன். நாளைக்கு சீசன் முடியுது, ரேங்க் விழுந்துரும்னு... ஒரு ஸ்டார்தான் குறைவா இருந்துச்சு..." சொல்லச் சொல்ல அது எவ்வளவு அற்பமாகக் கேட்கிறது என்று அவளுக்கே தெரிந்தது. செத்த ஊரில் நின்றுகொண்டு ஸ்டார் கதை சொல்கிறாள்.

மரியநாயகம் இப்போது நிமிர்ந்தார். "பொய் சொல்றா" என்றார் மெதுவாக. "அப்பன மேல கூட்டிப் போறதுக்குப் பொய் சொல்றா. போ புள்ள. ஒங்கப்பா வேணும்னா வரட்டும், நான் வரல."

"பொய் இல்ல மாமா."

"அவன் பாஸ்வேர்ட் ஒனக்கு எப்புடித் தெரியும்? தங்கச்சிக்கே குடுக்க மாட்டானே."

பிரேமினி அப்பாவைப் பார்த்தாள். "எனக்குக் குடுத்தான்" என்றாள். "அது ரெண்டு பேரோட கணக்கு. மாஸ்டர் ஆனதும் ஒங்ககிட்ட வந்து பேசுறேன்னு சொல்லியிருந்தான்பா."

கணேசமூர்த்தியின் கை உயர்ந்தது. சேறு வழிகிற கை. அறையப் போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கை அப்படியே இறங்கியது. "எத்தன நாளா?" என்று கேட்டார்.

"நாலு சீசனா."

அது எவ்வளவு காலம் என்று அவருக்கு விளங்கவில்லை. மகளையே புதிதாகப் பார்க்கிறவர்போல நின்றார்.

"காட்டு" என்றார் மரியநாயகம். "நீதான்னா காட்டு. என் கண்ணு முன்னால தொறந்து காட்டு."

பிரேமினி போனை உயிர்ப்பித்தாள். ஈர விரலுக்குத் திரை மசியவில்லை, பாவாடையில் துடைத்துத் துடைத்துத் தட்டினாள். சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் திறந்தது. கிரீடம் வைத்த பெயர், மஞ்சள் மழைக்கோட்டு. மரியநாயகம் குனிந்து பார்த்தார். மகனின் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். திரையில் விழுந்த மழைத்துளியைப் பெருவிரலால் துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்த்தார். அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டது.

ஏஞ்சலா மேலே காத்துக்கொண்டிருக்கிறாள் என்பது யாருக்கும் அந்த நேரம் ஞாபகம் இல்லை. கணேசமூர்த்தியின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்தார். ஸ்பீக்கரில் போடவே தேவையில்லை, அந்தப் பிள்ளை கத்திய கத்தலில் எல்லாருக்கும் கேட்டது.

"தலைவர் மாமா! லைட் வந்துருச்சு! அண்ணன் மறுபடி வந்துட்டான்! அப்பாட்ட சொல்லுங்க, தோண்டச் சொல்லுங்க, இருக்கான் மாமா, இருக்கான்!" அதற்குப் பின்னால் மார்கிரட்டின் குரல். "யேசுவே! யேசுவே! எம்புள்ள!" அவளோடு சேர்ந்து பொம்பளைகள் அழுவதும் சிரிப்பதும் கேட்டது.

கணேசமூர்த்தி போனை மரியநாயகத்திடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. மம்பட்டியைச் சேற்றில் போட்டுவிட்டு, சுவரைப் பிடித்து நடப்பவர்போலக் காற்றில் கையை நீட்டிக்கொண்டு மேலே ஏறத் தொடங்கினார். எல்லாரும் பின்னால் ஏறினார்கள். யாரும் பிரேமினிக்குக் கை கொடுக்கவில்லை. அவள் கையில் கேம் திறந்தே கிடந்தது, மேலே ஏஞ்சலாவிடம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மூடலாமா கூடாதா என்று தெரியாமல் அதை அப்படியே பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பள்ளிக்கூட வாசலில் மார்கிரட் தலைவிரி கோலமாக நின்றாள். வெறுங்கையோடு ஏறி வருகிறவர்களைப் பார்த்தாள். "எங்க? தூக்கியாறீங்களா? எங்க எம்புள்ள?"

மரியநாயகம் சேற்றுக் கையால் முகத்தை மூடிக்கொண்டார். கணேசமூர்த்தி தலையைத் திருப்பிக்கொண்டார். ஊர் வழக்கு எல்லாம் பேசித் தீர்த்த தலைவர், ஒரு தாய்க்கு நாலு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றார். ஆகவே பிரேமினிதான் சொன்னாள். போனை மார்கிரட் முன்னால் நீட்டி, ஏஞ்சலாவின் கையில் எரிகிற விளக்கைக் காட்டி, கேமை மூடி அதை அணைத்துக் காட்டி, "நான்தான் அத்தை" என்று சொன்னாள்.

மார்கிரட் ஏசவில்லை. மயிரைப் பிடித்து இழுக்கவில்லை. அப்படிச் செய்திருந்தால் பிரேமினி தாங்கியிருப்பாள். மார்கிரட் தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். விரலிடுக்கில் பருப்பு காய்ந்திருந்தது.

"நான் சோறு தின்னேனே" என்றாள். "எம்புள்ள மண்ணுக்குள்ள கெடக்க, நான் ஒக்காந்து சோறு தின்னேனேடி!"

வாய்க்குள் விரலை விட்டுக் குடைந்தாள். குமட்டி, வாசற்படியில் விழுந்தாள். ஏஞ்சலா ஓடிவந்து அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரேமினியை ஒரு பார்வை பார்த்தாள். சாகும்வரை மறக்க முடியாத பார்வை.

அன்று சாயங்காலம் மலை மறுபடி இறங்கியது. அவர்கள் தோண்டிய குழி, போட்டுவிட்டு வந்த மம்பட்டி, சிவப்பு நாடா எல்லாம் அடியோடு போனது. ஆமிக்காரப் பையன் ஓடித் தப்பினான். அங்கே நின்றிருந்தால் எத்தனை பேர் போயிருப்போம் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அதற்காகப் பிரேமினியிடம் ஒரு நல்ல சொல்லும் சொல்லவில்லை. அவள் அப்பா அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார். தேத்தண்ணி கொடுத்தால் வாங்கிக்கொள்வார், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை சீசன் முடிந்தது.

கிழமை நடுவில் மிலானுக்குப் பூசை வைத்தார்கள். உடம்பு இல்லாத பூசை, பள்ளிக்கூட மேசையில் அவன் போட்டோவும் ஒரு சட்டையும் மட்டும். பிரேமினி உள்ளே போகவில்லை, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றாள். பூசை முடிந்ததும் மரியநாயகம் அவளைத் தேடி வந்தார். திட்டத்தான் வருகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அந்த லைட்ட நிரந்தரமா அணைச்சிரு புள்ள" என்றார்.

"அணைக்கிறதுன்னு ஒன்னு இல்ல மாமா. தொறக்காம இருந்தாச் சரி."

"அப்பத் தொறக்காத. எல்லாந் தெரியும் மார்கிரட்டுக்கு, பூசைக்கும் வந்தா. ஆனா அந்தப் போன மட்டும் கைய விட்டு வைக்க மாட்டேங்கிறா. இன்னொருக்கா லைட் வந்துச்சுன்னா அவ போயிருவா."

பிரேமினி சரி என்று தலையாட்டினாள். பிறகு, சொல்லாமல் இருக்க முடியாமல், "தொறக்கலன்னா ரேங்க் விழுந்துகிட்டே இருக்கும் மாமா. இப்ப கோல்ட்ல கெடக்கு. ஒவ்வொரு சீசனுக்கும் தள்ளுவாங்க" என்றாள்.

"எது வரைக்கும்?"

"அடி வரைக்கும்."

மரியநாயகம் பள்ளத்தின் பக்கம் பார்த்தார். "விழட்டும்" என்றார். சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

பிள்ளைக்காம்பரா மறுபடி திறந்தார்கள். மத்தியானம் பால் குடித்துவிட்டுப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகத் தூங்கிப்போகும். அந்த நேரம் வந்தால் பிரேமினியின் கை தானாகவே போனுக்குப் போகும். இனி வருகிற சீசன் சில்வர், அதற்கு அடுத்தது பிரோன்ஸ். மண் ஒரு விடியலில் செய்ததை இந்த கேம் மாதக்கணக்கில் செய்யும், கிரீடம் வைத்த பெயரையும் மஞ்சள் மழைக்கோட்டையும் சேர்த்து அடியில் தள்ளும். தினமும் இரண்டு ஆட்டம் ஆடினால் விழுந்ததை மறுபடி ஏற்றி நிறுத்தி வைக்கலாம், அவளால் முடியும், பகலில் பேய் மாதிரிச் சுடுகிறவள் அவள்தானே. ஆனால் மேற்கணக்கில் ஒரு பொம்பளை போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளைகள் எழும்பும்வரை பிரேமினி போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு தொட்டிலை ஆட்டினாள்.